வலது மேல் வட்டாரம்

அச்சியாவின் வலது விலாவுக்குக் கீழே ஏதோ அழுத்துகிறது என்ற செய்தி எங்களுக்கு ஃபூஃபூ வழியாகத்தான் வந்து சேர்ந்தது. ஃபூஃபூ கட்டி கட்டியாக இருந்தது.

குமாசி சாலையில் அச்சியா நடத்தும் 'இன்னும் பொறுமை' சாப்பாட்டுக்கடையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். ஃபூஃபூவுக்கு வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டு இரண்டு பேர் நின்றபடி இடிப்பார்கள். அச்சியா தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, உலக்கை ஏறி இறங்கும் இடைவெளியில் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொடுப்பாள். கூடுதலாகக் கறி கேட்டவனைத் திட்டிக்கொண்டே செய்வாள். தும்மிக்கொண்டே கூடச் செய்வாள். விரல் நசுங்கியதுமில்லை, ஃபூஃபூவில் கட்டி விழுந்ததுமில்லை. அப்படிப்பட்டவள் இப்போது முன்னால் குனிய முடியவில்லை என்றாள்.

"உள்ள யாரோ முட்டுக்கொடுத்த மாதிரி இருக்கு. வலியில்ல, எரிச்சலில்ல. அழுத்துது, அவ்வளவுதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டயர் ஒட்டுபவன் வாயு என்றான். பெந்தெகொஸ்தே சபையின் மூப்பர் பொறாமை என்றார். யாருடைய பொறாமை என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் எதிர்க் கடையைப் பார்த்தார். நான் கணக்கு வாத்தியார் என்பதால் எல்லாருக்கும் தலையாட்டினேன்.

சிரித்துக்கொண்டிருந்தாலும் அச்சியா பயந்திருந்தாள். அவளுடைய அம்மா ஈரல் வீங்கித்தான் போய்ச் சேர்ந்தாள். அச்சியாவுக்கு வயது நாற்பத்தைந்து. உடம்பு எப்போதுமே தாராளம். மாதவிலக்கு ஒரு வருடமாகத் தட்டுத் தடுமாறி ஒருநாள் நின்றேபோயிற்று. வயதாயிற்று, நின்றது நின்றதுதான் என்று விட்டுவிட்டதாகப் பின்னால் அவளே சொன்னாள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. கணவன் அடுசே வடக்கிலிருந்து லாரியில் வெங்காயம் ஏற்றிவருபவன். குழந்தை பற்றி அவன் வாயைத் திறந்ததே கிடையாது. அவனுக்கும் சேர்த்து அவனுடைய அக்கா கொனாடு திறப்பாள்.

ஏழு பிள்ளை பெற்றவள் கொனாடு. செய்தி கேட்டு அன்றே வந்து, ஒரு பெரிய கிண்ணம் கடலைச் சாறும் ஃபூஃபூவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பவே சொன்னேன். புள்ள தங்காத வயிறு சும்மா இருக்காது. வேற எதையாவது வளர்க்கும்."

"அக்கா, நீ சாப்பிட வந்தியா, சாபம் குடுக்க வந்தியா?" என்றான் அடுசே.

"ரெண்டுக்குந்தான். இன்னும் கொஞ்சம் சாறு ஊத்து."

அதற்கு மறுநாள் அச்சியா தேசிய வயிற்று நிலையத்துக்குப் புறப்பட்டாள்.

தேசிய வயிற்று நிலையம் எங்கள் பக்கத்துக்குப் பெருமை. வயிறு என்பது ஒரே ஆளால் கவனிக்க முடியாத அளவுக்குப் பெரிது என்று கண்டறிந்து, அதை நான்காகப் பிரித்துக் கட்டிய நிலையம் அது. வலது மேல், வலது கீழ், இடது மேல், இடது கீழ் என்று நான்கு வட்டாரம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனி வாசல், தனி இயக்குநர், தனிப் பாடகர் குழு. நடுவிலே ஒரு ரவுண்டானா; அதற்குத் தொப்புள் என்று பெயர். தொப்புள் எந்த வட்டாரத்திலும் சேராது என்று தீர்ப்பானதால் விழா மண்டபத்தை அங்கே கட்டியிருந்தார்கள்.

காவலாளி அவளை வாசலிலேயே நிறுத்தினான்.

"எந்தப் பக்கம்?"

"வயித்துல ஒரு மாதிரி அழுத்துதுப்பா."

"வயிறுன்னு இங்க எதுவும் கிடையாது மா. எந்த வட்டாரம்னு சொல்லுங்க."

அவள் கை வைத்துக் காட்டினாள். அவன் கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வலது மேல் வாசலுக்கு அனுப்பினான். அங்கே காலை ஜெபமும், ஜெபத்தைப் பற்றிய சிற்றுரையும், சிற்றுரைக்கு நன்றியுரையும் முடிந்தபின் எல்லைக்கோட்டு அதிகாரி வந்தார். அளவு நாடாவை வைத்து அளந்து, நீல மையால் அவள் வயிற்றின் மேலிருந்து கீழாக ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டார்.

"இத அழிச்சிடாதீங்க. அழிஞ்சா நீங்க எந்த வட்டாரத்துலயும் இல்லாதவங்களாயிடுவீங்க."

"குளிக்கலாமா ஐயா?"

"மூணு வட்டாரத்துல குளிங்க."

வலது மேல் வட்டார இயக்குநர் பேராசிரியர் அசியாமா ஈரலுக்கே வாழ்க்கையை அர்ப்பணித்தவர். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் கவனம் சிதறும் என்று பார்க்கமாட்டார். அச்சியாவைப் படுக்கவைத்து, கோட்டுக்கு மேலே, விலாவுக்குக் கீழே கையை வைத்தார். உள்ளிருந்து ஏதோ அவர் உள்ளங்கையில் 'டொக்' என்று முட்டியது.

பேராசிரியர் கையை எடுத்தார். கையைப் பார்த்தார். மறுபடி வைத்தார். டொக், டொக்.

"எல்லாரும் வாங்க," என்று மாணவர்களைக் கூப்பிட்டார். "இத்தனை வருஷம் நான் ஈரலைத் தேடிப் போயிருக்கேன். இன்னைக்கு ஒரு ஈரல் என்னைத் தேடி வந்திருக்கு."

மாணவர்கள் வரிசையாக வந்து கை வைத்தார்கள். சிலருக்கு டொக் என்றது. சிலருக்கு உருண்டு போயிற்று. ஒரு மாணவி மட்டும் வாயைத் திறந்தாள். பேராசிரியர் அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். 'துள்ளும் ஈரல்' என்று அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது. மாலைக்குள் பேராசிரியரின் பெயரையும் முன்னால் சேர்த்துவிட்டார்கள்.

அதே கட்டடத்தின் பின்தாழ்வாரத்தில் பித்தப்பைப் பிரிவு இருந்தது. அதன் தலைவி டாக்டர் லாம்ப்டே. அக்ரா பக்கத்து கா இனத்துப் பெண்மணி, குள்ளமாக, வேகமாக நடப்பவர். ஈரல் பெரிய உறுப்பு என்பதால் அதற்குக் குளிரூட்டிய அறையும், பித்தப்பை சிறிய உறுப்பு என்பதால் தனக்கு மின்விசிறியும் கொடுத்திருக்கிறார்கள் என்ற கோபம் அவருக்கு நெடுநாளாக உண்டு. அவர் அச்சியாவைப் பின்தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் எடுப்பவர் ஒழுங்கான மனிதர். நீலக்கோட்டுக்கு வெளியே உள்ளதையெல்லாம் பச்சைத் துணியால் மூடி, ஓரத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத்தான் கருவியை எடுத்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"டாக்டர், கல்லு இருக்கு."

"எத்தனை?"

"அஞ்சு. வரிசையா இருக்கு. பெரிசுல ஆரம்பிச்சு சின்னதா சின்னதா போகுது."

டாக்டர் லாம்ப்டே திரையருகே வந்தார். ஐந்தும் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தும் மடங்கி, பிறகு விரிந்தன.

"இவ்வளவு கட்டுப்பாடான பித்தக்கல்ல நான் பார்த்ததே இல்ல," என்றார்.

அச்சியா தலையைத் தூக்கிப் பார்த்து, "ஐயா, அந்தத் துணிய எடுத்துட்டுக் கொஞ்சம் கீழ பாக்க முடியாதா? அங்கதான் ரொம்பப் பெரிசா இருக்கு," என்றாள்.

ஸ்கேன்காரர் பதறிப்போனார். "அக்கா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. அது வலது கீழ் வட்டாரம். அவங்க மிஷின் வேற, எங்க மிஷின் வேற. எல்லை தாண்டினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சரி, அவர்களையே பார்த்துவிடலாம் என்று அவள் தொப்புளைச் சுற்றிக்கொண்டு வலது கீழ் வட்டாரத்துக்குப் போனாள். அங்கே ஒருவர் மேசைக்குப் பின்னால் சோள கென்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க வலி இருக்கா?" என்று கேட்டார்.

"வலி இல்ல. பெரிசா இருக்கு."

"வலி இல்லன்னா நீங்க ஆரோக்கியமா இருக்கீங்க மா. ஆரோக்கியமானவங்கள நாங்க பாக்கறதில்ல. வலி வந்ததும் வாங்க." அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "பெரிசா இருக்கறது நல்ல சாப்பாட்டோட அடையாளம். எங்க சாப்பிடறீங்க?"

அவள் தன் கடையைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அவர் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போனார். கட்டியாக இருக்கிறது என்று குறை சொன்னார்.

வாராவாரம் அச்சியா ட்ரோட்ரோ வண்டியில் நிலையத்துக்குப் போய்வந்தாள். ஒரு வாரம் ஈரல் இரண்டு முறை துள்ளியது. மறுவாரம் கற்கள் பத்தாகப் பெருகியிருந்தன, ஐந்தைந்தாக. ஈரல்காரர்கள் பித்தப்பைக்காரர்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்றார்கள். பித்தப்பைக்காரர்கள் ஈரல்காரர்களுக்குக் கண்ணில் மஞ்சள் என்றார்கள். சண்டை முற்றி, அச்சியா சாப்பிடலாமா கூடாதா என்பதுவரை போயிற்று. பேராசிரியர் ஈரலுக்கு ஓய்வு வேண்டும் என்று எண்ணெயை நிறுத்தினார். டாக்டர் லாம்ப்டே கல் வெளியே வரட்டும் என்று எண்ணெய் குடிக்கச் சொன்னார். அச்சியா இருவருக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பசித்ததை எல்லாம் சாப்பிட்டாள். அவளுக்குப் பயங்கரமாகப் பசித்தது.

ஒருநாள் நிலையத்திலிருந்து திரும்பும்போது வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விலாவுக்குக் கீழே டொக் என்றது. சலிப்பில் அவள் விரலால் அதே இடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. அவள் இரண்டு தட்டினாள். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு டொக், டொக்.

ஈரல் பதில் சொல்லுமா என்று அவள் யோசித்தாள். அம்மாவின் ஈரல் யாருக்கும் பதில் சொன்னதாக நினைவில்லை. இறங்கவேண்டிய இடம் போயிற்று. நடத்துநர் திட்டினான். அதுவும் காதில் விழவில்லை. அடுத்த ஊர்வரை அவள் தட்டிக்கொண்டும் பதில் வாங்கிக்கொண்டும் போனாள்.

வீட்டில் அவள் அடுசேயிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அப்படி மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் அவன் தொட்டில் மரத்துக்குச் சொல்லி வைத்து, மூன்று முறையும் தச்சனிடம் போய் வேண்டாம் என்று சொல்லவேண்டிவந்தது. கடைசி முறை திரும்பிவந்து லாரிக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான்காவது முறை அவனை அங்கே உட்காரவைக்க அவளால் ஆகாது. முதலில் ஒரு படித்தவர் வாயால் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

மறுவாரம் பேராசிரியர் கை வைத்துக் கண்ணை மூடி நின்றபோது கேட்டாள்.

"ப்ரொஃபசர், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒருவேளை புள்ளையா இருக்குமோ?"

மாணவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பேராசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்க எந்த வட்டாரத்து நோயாளி?"

"வலது மேல்."

"வலது மேல்ல என்ன இருக்கு? ஈரல் இருக்கு. நான் சொல்ல விரும்பலன்னாலும் பித்தப்பை இருக்கு. குடல்ல ஒரு வளைவு இருக்கு. புள்ள இருக்குன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க."

"கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ள இருக்கு. இடுப்பு வேற அமைச்சகம். அப்படியே புள்ளன்னு வச்சாலும், அத எந்த வட்டாரத்துல சேர்க்கறது? ஒரு வட்டாரத்துலயும் அடங்காத ஒண்ணு இருக்கவே முடியாது. நான் நாப்பது வருஷம் படிச்சவன்."

"சரிங்க ப்ரொஃபசர்."

அன்று வண்டியில் வரும்போது அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். உள்ளே டொக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக் என்றது. அவள் வெளியே கொக்கோத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அடுசே கேட்டான்.

"ஈரல்தானாம்," என்று உள்ளே போய்விட்டாள்.

இந்த நேரத்தில் நிலையத்தின் ஆண்டுவிழா வந்தது. அமைச்சரின் பிரதிநிதி வருகிறார். பேராசிரியர் துள்ளும் ஈரலை மேடையில் காட்டப்போகிறார். டாக்டர் லாம்ப்டே அது நடக்கும் கற்கள் என்று அங்கேயே மறுக்கப்போகிறார். அச்சியாவுக்கு நோயாளி என்ற அந்தஸ்து போய், நிகழ்ச்சி நிரலில் தேசிய கீதத்துக்கும் சிற்றுண்டிக்கும் இடையில் ஓர் உருப்படி என்ற அந்தஸ்து வந்தது. கடையை மூடிவிட்டு நாங்கள் எல்லாருமே போனோம். கொனாடு சந்தையிலிருந்து நேராக வந்தாள். மேடையில் காட்டும் அளவுக்கு நோய் பெரிது என்றால் மற்றதைத் தாமதிக்கக்கூடாது என்று சாவுச் சடங்குக்கு ஒரு பெரிய கறுப்புத் துணிச்சுருளை வாங்கி, குடும்பத்துக்கே போதும் என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லிட்டேன்," என்று என்னிடம் சொன்னாள். பிறகு ஏனோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா சமைப்பா."

அடுசேயை வாசலில் நிறுத்திவிட்டார்கள். கணவன் எந்த வட்டாரம் என்று முடிவாகவில்லை.

தலைமை இயக்குநர் டாக்டர் துமாசி எழுந்து பேசினார். அவர் பேச்சு எனக்கு இன்றும் கிட்டத்தட்ட மனப்பாடம்.

"பெரியோர்களே, இந்த நிலையம் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பகுதியில வயித்து நோய் இருந்துச்சு. ஆனா அதுக்கு ஒரு ஒழுங்கு இல்ல. யாருக்கு எங்க வலிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்கு நிலைமை மாறிடுச்சு. வலி அப்படியேதான் இருக்கு, ஆனா எந்தக் கட்டடத்துல இருக்குன்னு தெளிவாத் தெரியும். நம்மகிட்ட வந்த நோயாளிகள்ல பெரும்பாலானவங்க இன்னும் நம்மகிட்டயே வந்துக்கிட்டிருக்காங்க. இத விட மக்களோட நம்பிக்கைக்கு வேற சாட்சி வேணுமா? குணமாயி வராம நின்னுட்டவங்களப் பத்தி நமக்கு வருத்தம் உண்டு. அவங்க விஷயத்துல எங்க தப்பு நடந்துச்சுன்னு ஆராய ஒரு குழு அமைச்சிருக்கோம்."

நான்கு பாடகர் குழுவும் ஆமென் பாடின, வட்டாரத்துக்கு ஒரு வரியாக.

அச்சியாவை நாற்காலியில் உட்காரவைத்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். வியர்த்தது. பேராசிரியர் கை வைத்து, ஒலிபெருக்கியைப் பக்கத்தில் பிடித்தார்.

"இப்ப துள்ளும்," என்றார்.

துள்ளவில்லை. மண்டபம் காத்திருந்தது.

"ஈரல் கூச்சப்படுது. இவ்வளவு பெரியவங்கள இது பார்த்ததில்ல."

"ஈரலா இருந்தாத்தானே துள்ளும்," என்றார் டாக்டர் லாம்ப்டே கீழ்வரிசையிலிருந்து.

அந்த நேரத்தில் அச்சியாவின் நாற்காலியிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேடைப் பலகை நனைந்து, அமைச்சரின் பிரதிநிதியுடைய செருப்புவரை போயிற்று.

பேராசிரியர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கையை உயர்த்தினார். "அழுத்தம் குறைஞ்சிடுச்சு. எல்லாரும் சாட்சி. ஈரல்ல தேங்கியிருந்த நீர் என் கை பட்டதும் வெளியேறிடுச்சு."

மண்டபம் கைதட்டியது. இடது மேல் வட்டாரத்தின் பாடகர் குழு எழுந்து நின்றது.

"ப்ரொஃபசர்," என்றாள் அச்சியா. ஒலிபெருக்கி அவள் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "கைய எடுங்க. என் புள்ள வருது."

"அம்மா, நாம ஏற்கெனவே பேசினோம்."

"நீங்க பேசுங்க. அது வருது."

கைதட்டல் நின்றது. டாக்டர் லாம்ப்டே எழுந்து அவள் முகத்தைப் பார்த்தார். வயிற்றில் கை வைக்காமல், திரையைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்த முதல் மருத்துவர் அவர்தான் என்று நினைக்கிறேன். பித்தப்பைக்கு வருவதற்கு முன் அவர் வோல்ட்டா ஆற்றங்கரைக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர் என்பது எங்களுக்குத் தெரியாது. அவருக்கே மறந்திருந்தது என்று பின்னால் சொன்னார்.

"அடக் கடவுளே," என்றார் மெதுவாக. "அது கல்லில்ல. கால் விரல்."

செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மேடையேறினார். பேராசிரியர் குறுக்கே வந்தார்.

"லாம்ப்டே, இது வலது மேல் வட்டாரம்."

"தலை கீழ இருக்கு ப்ரொஃபசர். கீழ போறேன்."

"கோட்டைத் தாண்டறீங்க."

"தாண்டிட்டேன். வெந்நீர் யார்கிட்டயாவது இருக்கா?"

கொனாடு கக்கத்திலிருந்த துணியோடு மேடைக்கு ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. சாவுக்கு வாங்கிய கறுப்புத் துணியை உதறி விரித்து, ஒரு முனையை என் கையிலும் ஒரு முனையை டயர்காரன் கையிலும் கொடுத்து, "அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கடா," என்றாள். அச்சியாவை நாற்காலியிலிருந்து இறக்கிப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அச்சியா, நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத. இப்ப முக்கு."

"அப்புறம் வச்சுக்கறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் அச்சியா. முக்கினாள்.

நாங்கள் துணியைப் பிடித்தபடி சபையைப் பார்த்து நின்றோம். வலது கீழ் வட்டாரத்தின் மனிதர் எழுந்து, தன் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் ஏதோ நடக்கிறது என்று ஆட்சேபம் தெரிவித்தார். இடது கீழ்க்காரர், பாதி தன் எல்லையிலும் நடக்கிறது என்றார். தலைமை இயக்குநர் இருவரையும் ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது துணிக்குப் பின்னாலிருந்து ஓர் அழுகை எழுந்தது. மெலிந்த, கோபமான, யாருடைய அனுமதியும் கேட்காத அழுகை. என்னையறியாமல் நானும் அழுதுவிட்டேன். டயர்காரன் முனையை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அழுகை கேட்டு அடுசே காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். துணியைப் பார்த்தான், கறுப்பு. அப்படியே நின்றுவிட்டான்.

"போயிட்டாளா?"

"வந்திருக்கா," என்றாள் கொனாடு. "பொண்ணு."

"யார் பொண்ணு?"

"உன் பொண்ணுதான்டா மடையா. பக்கத்துல வா."

அவன் வந்து அச்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லவேயில்லையே," என்றான்.

"படிச்சவங்க இல்லன்னாங்க," என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தபோது, ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையோடு வந்தார். வலது மேல் வட்டார நோயாளியின் உடம்பிலிருந்து எடுக்கப்படும் எந்தப் பொருளும் நிலையத்தின் சொத்து, உடனே ஒப்படைக்கவேண்டும் என்றார். கொனாடு குடுவையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் தானாகவே இரண்டடி பின்னால் போனார். ஆனாலும் விதி விதிதானே. தலைமை இயக்குநர் இரவல் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். பொருள் நிலையத்துக்குச் சொந்தம். பெற்றோர் இரவலாக வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆண்டுதோறும் விழாவன்று நல்ல நிலையில் கொண்டுவந்து காட்டவேண்டும். அடுசே எதற்கும் சம்மதிக்கும் நிலையில் இருந்தான், சம்மதித்தான்.

மறுநாள் நிலையத்தின் அறிக்கை வந்தது: நாள்பட்ட அழுத்தத்துக்கான காரணம் பேராசிரியர் அசியாமாவின் மேற்பார்வையில் முழுமையாகக் கண்டறிந்து அகற்றப்பட்டது, நோயாளி நலம். எல்லை தாண்டியதற்காக டாக்டர் லாம்ப்டேக்குக் குறிப்பாணை கொடுத்தார்கள். அவர் அதை மடித்துக் காற்று வரும்படி விசிறிக்கொண்டு வேலையை விட்டார். இப்போது எங்கள் தெருக்கோடியில் சின்னதாகப் பிரசவ மனை வைத்திருக்கிறார். மதியச் சாப்பாடு அச்சியா கடையில். எட்டாம் நாள் பெயர் சூட்டும்போது அடுசே டாக்டரின் சொந்தப் பெயரான நா டெய் என்பதையே குழந்தைக்கு வைத்தான். அசாந்தி வீட்டில் கா பெயரா என்று ஒரு மாமா முனகினார். கொனாடு அவரைப் பார்த்தாள். அவரும் இரண்டடி பின்னால் போனார்.

சொன்ன வாக்குப்படி அவர்கள் ஆண்டுதோறும் குழந்தையை விழாவுக்குக் கொண்டுபோனார்கள். நிலையம் முழுமையாகக் குணப்படுத்திய ஒரே நோயின் காரணம் என்பதால் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி. முதலில் மடியில் போனாள், பிறகு தவழ்ந்து, பிறகு நடந்து. பேச்சு நன்றாக வந்தபின் ஒரு வருடம், தலைமை இயக்குநர் தன் உரை முடிந்து, நான்கு வட்டார இயக்குநர்களின் உரையும் முடிந்து, வெயில் உச்சியிலிருந்து சாயத் தொடங்கியபோது, அவளை மேடைக்கு அழைத்து ஒலிபெருக்கியைக் குனிந்து நீட்டினார்.

"நா டெய், இந்த மாபெரும் நிலையத்துக்கு நீ என்ன சொல்ல விரும்பற?"

அவள் சட்டை மேல் கை வைத்து, வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"பசிக்குது," என்றாள்.

வலது மேல் இயக்குநர் இடது மேல் இயக்குநரைப் பார்த்தார். இடது மேல் இடது கீழைப் பார்த்தது. எல்லைக்கோட்டு அதிகாரி அளவு நாடாவோடு பாதி எழுந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பசி எந்த வட்டாரம் என்று யாரோ கேட்டார்கள். அதற்கு ஒரு குழு அமைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்று பேச்சு தொடங்கியது.

அச்சியா மேடையேறி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாங்களும் எழுந்தோம். கடையில் உரல் காத்திருந்தது.